நான்கு மாதம் தாங்கிய எட்டு எம்.எம். கண்ணாடி: ஒரு வீட்டு மீன் தொட்டியின் நிகழ்வு ஆய்வு

விடியற்காலை மூன்று மணி இருக்கும். முன்னறையில் ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம். ஏதோ கீழே விழுந்திருக்கும் என்று நினைத்துத் திரும்பிப் படுத்துவிட்டேன். ஐந்தரை மணிக்கு எழுந்து காலை வைத்தால் தரை முழுக்கத் தண்ணீர். தொட்டியில் அடியில் ஒரு சாண் கூட இல்லை. அந்த மிச்சத் தண்ணீரில் ஆறு கோல்டு ஃபிஷ்களும் ஒரு மூலையில் ஒதுங்கிக் கிடந்தன. எல்லாம் உயிரோடு இருந்தன. வாளியில் மாற்றிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அந்தத் தொட்டியை நானே கட்டினேன். நீளம் 120, அகலம் 45, உயரம் 60 சென்டிமீட்டர். வெளி அளவில் 324 லிட்டர். கட்டி முடித்து, வாசலில் வைத்து, விளிம்பு வரை நிரப்பி ஒரு நாள் முழுக்கப் பார்த்தேன். ஒரு சொட்டுக் கசிவு இல்லை. உள்ளே கொண்டுவந்து மறுபடி நிரப்பினேன். நான்கு மாதமும் சில நாட்களும் எந்தக் குறையும் இல்லாமல் நின்றது. அப்புறம் அந்த ‘டக்’.

ஏன் உடைந்தது என்று தெரியாமல் இன்னொன்று கட்ட எனக்கு மனம் வரவில்லை. அதனால் துண்டுகளைத் தூக்கி எறியாமல் ஒரு வாரம் அவற்றோடு உட்கார்ந்தேன். அந்த வாரம் கண்டதும், அதை வைத்து இரண்டாவது தொட்டிக்குக் கண்ணாடி தேர்ந்தெடுத்த விதமும்தான் இந்த ஆய்வு. சொந்தமாகத் தொட்டி கட்ட நினைப்பவர்கள் பெரும்பாலும் ‘எத்தனை லிட்டருக்கு எத்தனை எம்.எம்.’ என்று கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். கேள்வியே தவறு என்பதை அந்தத் துண்டுகள்தான் சொல்லிக் கொடுத்தன.

எதைக் கொண்டு கட்டினேன்

முன், பின் பலகைகள் இரண்டும் ஒரு பழைய மேசையின் மேல்கண்ணாடியிலிருந்து வெட்டியவை. 8 மி.மீ. கண்ணாடி, தொட்டால் கனமாக இருந்தது, தட்டினால் கணீரென்றது. பக்கப் பலகைகளும் அடிப்பலகையும் புதிதாக வாங்கிய அதே தடிமன் கண்ணாடி. மேலே குறுக்குப் பட்டை எதுவும் வைக்கவில்லை, திறந்த தொட்டிதான் கண்ணுக்கு அழகு என்று விட்டுவிட்டேன்.

முன் பலகையின் ஒரு நீள விளிம்பில், கிட்டத்தட்ட நடுவில், விரல் நகம் அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. மேசையாக இருந்த காலத்தில் எதிலோ இடித்திருக்க வேண்டும். அடியில் சிலிகான் பிடிக்கும் விளிம்பு பழுதில்லாமல் இருக்க வேண்டும் என்று யோசித்து, சில்லு இருந்த விளிம்பை மேலே வரும்படி திருப்பி ஒட்டினேன். தண்ணீர் மட்டத்துக்கு மேலேதானே இருக்கிறது, அங்கே என்ன ஆகிவிடப் போகிறது என்பது அப்போதைய கணக்கு. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிரப்பிய அன்று ஒன்றைக் கவனித்தேன். காலித் தொட்டியின் முன் கண்ணாடியில் கூரை டியூப்லைட்டின் பிம்பம் நேர்க்கோடாக விழுந்தது. நிரம்பியதும் அதே கோடு வில்லைப் போல வளைந்துவிட்டது. கண்ணாடி வெளிப்பக்கமாகப் புடைக்கிறது என்று அர்த்தம். ‘கண்ணாடி கொஞ்சம் வளையத்தான் செய்யும்’ என்று தள்ளிவிட்டேன். வளையும் என்பது உண்மை. எவ்வளவு வளையலாம் என்பதை நான் கேட்கவில்லை.

சந்தேகப்பட்டவை

கசிவு என்றதும் எல்லோரும் முதலில் கை வைப்பது சிலிகான் மேல். நான்கு மூலைகளையும் அடிச்சுற்றையும் விரலால் தடவிப் பார்த்தேன், பிளேடால் ஓரிடத்தில் கீறி இழுத்தும் பார்த்தேன். கண்ணாடியை விட்டு வராமல் ரப்பர் போல இழுபட்டது. இணைப்பில் பழுதில்லை.

அடுத்தது ஸ்டாண்டு. நான்கு மூலைகளில் ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் தொட்டி முறுக்கிக்கொள்ளும், அந்த முறுக்கலே கண்ணாடியைப் பிளந்துவிடும். மட்டக்கோல் வைத்தேன். 120 சென்டிமீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் ஏற்ற இறக்கம்தான், அதையும் அடியில் போட்டிருந்த தெர்மகோல் விழுங்கியிருக்கும். ஹீட்டர் கிடையாது, அதனால் வெப்ப அதிர்ச்சி என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்த நேரத்தில் வீட்டில் எல்லோரும் தூக்கம், யாரும் இடிக்கவில்லை.

மிச்சம் இருந்தது கண்ணாடி மட்டும்தான்.

உடைந்த முகத்தைப் படிப்பது

விரிசல் ஒன்றே ஒன்று. மேல் விளிம்பின் நடுப்பகுதியில் தொடங்கி, கிட்டத்தட்ட நேராகக் கீழே இறங்கி, அடியிலிருந்து ஒரு சாணுக்குள் வந்ததும் இடப்பக்கம் சாய்ந்து அங்கேயே நின்றிருந்தது. மீன்கள் பிழைத்ததற்கு அது நின்ற இடம்தான் காரணம்.

சிலிகானைப் பிளேடால் அறுத்துப் பலகையை வெளியே எடுத்து, விரிசல் வழியாகவே பிரித்தேன். இரண்டு துண்டுகளின் உடைந்த முகத்தை ஒரு டார்ச் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால், கண்ணாடி தன் கதையைத் தானே எழுதி வைத்திருக்கிறது. இதைப் பார்க்க உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று போதும், ஆய்வுக்கூடம் வேண்டாம்.

முதலில் தெரிந்தது மெல்லிய வில் வடிவ வரிகள். குளத்தில் கல் போட்டால் எழும் அலை போல ஒன்றன்பின் ஒன்றாக. அந்த வில்லின் முதுகு எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கமாக விரிசல் ஓடியிருக்கிறது. எல்லா வரிகளும் கீழ்நோக்கி முதுகு காட்டின. அதாவது தொடக்கம் மேல் விளிம்பில். அந்த வரிகள் தொட்டியின் வெளிமுகத்தை ஒட்டி முந்திக்கொண்டும், உள்முகத்தை ஒட்டிப் பின்தங்கியும் இருந்தன. வளையும் கண்ணாடியில் விரிசல் இழுபடும் முகத்தில்தான் முந்தி ஓடும். ஆக வெளிமுகம் இழுபட்டுக்கொண்டிருந்தது, டியூப்லைட் பிம்பம் அன்றைக்குச் சொன்னதும் இதைத்தான்.

இரண்டாவது, உடைந்த முகம் மேலிருந்து கீழ்வரை வழவழவென்று இருந்தது. கண்ணாடி மிக அதிகமான விசையில் உடைந்தால், தொடங்கிய இடத்தைச் சுற்றிக் கொஞ்சம் வழவழப்பு, அடுத்து மங்கலான ஒரு பட்டை, அதற்கும் அப்பால் சொரசொரப்பு என்று முகம் மாறும், விரிசலும் கிளை பிரியும். இங்கே அப்படி எதுவும் இல்லை. கிளையும் இல்லை, சொரசொரப்பும் இல்லை. கண்ணாடி குறைந்த இழுப்பில்தான் பிளந்திருக்கிறது. புதிதாகவும் பழுதில்லாமலும் இருந்த கண்ணாடி இந்த இழுப்பைச் சுலபமாகத் தாங்கியிருக்கும். ஆகவே தொடங்கிய இடத்தில் ஏதோ பலவீனம் இருந்தே ஆக வேண்டும்.

வரிகளைப் பின்தொடர்ந்து மேலே போனேன். நேராக அந்தச் சில்லில் போய் முடிந்தது. சில்லுக்கு அடியில் அரைநிலா வடிவில், அரை மில்லிமீட்டர் ஆழத்துக்கு, ஒரு பழைய விரிசல். அதன் ஓரத்தில் பழுப்பாக அழுக்குப் படிந்திருந்தது. தொட்டி கட்டுவதற்கு முன்பே, மேசையாக இருந்த காலத்திலேயே அது அங்கே இருந்திருக்கிறது. கட்டும்போது நான் பார்த்தது பெயர்ந்த சில்லை மட்டும்தான், அதன் அடியில் வேர்விட்டிருந்த கீறலை அல்ல.

அப்படியானால் நான்கு மாதம் எப்படித் தாங்கியது?

என்னை அதிகம் குழப்பியது இதுதான். 24 மணி நேரம் நிறைத் தண்ணீரைத் தாங்கிய கண்ணாடி அதே தண்ணீருக்கு நான்கு மாதம் கழித்து ஏன் விட வேண்டும்? சுமை ஒரு கிராம் கூடக் கூடவில்லையே.

கண்ணாடியின் வலிமையை அதன் உள்ளே இருக்கும் பொருள் தீர்மானிப்பதில்லை, அதன் மேல் இருக்கும் கீறல்கள் தீர்மானிக்கின்றன. 1921-இல் ஏ. ஏ. கிரிஃபித் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் இதை விளக்கினார். ஒவ்வொரு கீறலின் நுனியிலும் இழுப்பு பல மடங்காகக் குவிகிறது. கீறல் ஆழமாக ஆழமாக, அதைப் பிளக்கத் தேவையான இழுப்பு குறைந்துகொண்டே போகும். அதனால்தான் அதே தடிமன், அதே பெட்டியிலிருந்து எடுத்த இரண்டு கண்ணாடிகள் வெவ்வேறு சுமையில் உடைகின்றன.

இதோடு தண்ணீரும் சேர்ந்துகொள்கிறது. கீறலின் நுனியில் இழுபட்டு நிற்கும் சிலிக்கான்–ஆக்சிஜன் பிணைப்பைத் தண்ணீர் மூலக்கூறு ஒவ்வொன்றாக உடைக்கிறது. கீறல் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் நீள்கிறது. இதற்குத் தண்ணீர் நேரடியாகப் பட வேண்டும் என்பதுகூட இல்லை, காற்றில் இருக்கும் ஈரம் போதும். மீன் தொட்டியின் மேல் விளிம்பைச் சுற்றி ஈரத்துக்கு எப்போதும் குறைவில்லை. ஓர் எல்லைக்குக் கீழே இழுப்பு இருந்தால் கீறல் வளராமல் அப்படியே இருந்துவிடும். அந்த எல்லையைத் தாண்டியிருந்தால் நாள் கணக்கிலோ மாதக் கணக்கிலோ வளர்ந்து, ஒரு கட்டத்தில் ஒரே நொடியில் ஓடிவிடும். அந்த நொடிதான் எனக்கு விடியற்காலை மூன்று மணிக்கு வந்தது.

ஆக, ஒரு நாள் நிரப்பி வைத்துப் பார்க்கும் சோதனை சிலிகானுக்கான சோதனை. அதை அவசியம் செய்யுங்கள். ஆனால் அதில் தேறியது என்பதற்காகக் கண்ணாடி சரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது என்று ஆகாது. கண்ணாடிக்கு நேரமும் ஒரு சுமைதான். தடிமன் கணக்கில் ‘தேவைக்கு மேல்’ இடம் விடச் சொல்வது இந்த நேரச் சுமைக்காகத்தான்.

கணக்கு என்ன சொல்கிறது

தண்ணீரின் அழுத்தம் ஆழத்தை மட்டுமே பொறுத்தது. பின்னால் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. 1586-லேயே சைமன் ஸ்டெவின் என்ற கணிதவியலாளர் எழுதி வைத்த விஷயம் இது, ஆனாலும் தொட்டி கட்டும்போது மனம் நம்ப மறுக்கிறது. 45 செ.மீ. அகலத் தொட்டியை 90 செ.மீ. அகலமாக்கினால் லிட்டர் இரட்டிப்பாகும், முன் கண்ணாடி மேல் விழும் விசை கொஞ்சமும் கூடாது. உயரத்தைக் கூட்டினால்தான் அது எகிறும்.

120 செ.மீ. நீளப் பலகையில் 45 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அதன் மேல் விழும் மொத்த விசை கிட்டத்தட்ட 121 கிலோ எடைக்குச் சமம். 50 செ.மீ. ஆனால் 150. 60 செ.மீ. ஆனால் 216. வெறும் பதினைந்து சென்டிமீட்டருக்குத் தொண்ணூற்றைந்து கிலோ. கண்ணாடிக்குள் உண்டாகும் இழுப்பு இன்னும் வேகமாக ஏறும், ஏனென்றால் விசை கூடுவதோடு அந்த விசை வளைக்க வேண்டிய பலகையும் உயரமாகிறது. நீளமும் உயரமும் ஒரே விகிதத்தில் வளர்ந்தால் இழுப்பு உயரத்தின் மும்மடிக்கு ஏற்ப வளரும்.

தொட்டி கட்டுபவர்கள் நெடுநாளாகப் பயன்படுத்தும் ஒரு சூத்திரம் இருக்கிறது. மேலே சட்டமோ பட்டையோ இல்லாத தொட்டிக்கானது. பலகை உயரத்தை மில்லிமீட்டரில் எடுத்து மும்மடியாக்க வேண்டும். அதை ஒரு வடிவ எண்ணால் பெருக்கி ஒரு லட்சத்தால் வகுக்க வேண்டும். வரும் எண்ணைத் தடிமனின் வர்க்கத்தால் வகுத்தால், கண்ணாடியில் சதுர மில்லிமீட்டருக்கு எத்தனை நியூட்டன் இழுப்பு என்று தெரியும். வடிவ எண், நீளம் உயரத்தைப் போல எத்தனை மடங்கு என்பதைப் பொறுத்தது. இரண்டும் சமமானால் 0.16, ஒன்றரை மடங்குக்கு 0.26, இரண்டு மடங்குக்கு 0.32, இரண்டரைக்கு 0.35, மூன்றுக்கு 0.37. மூன்றை நெருங்கும்போது எண் ஏறுவது மந்தமாகிவிடுவதைக் கவனியுங்கள். ஒரு கட்டத்துக்கு மேல் நீளம் கூடினாலும் கண்ணாடிக்குப் பெரிதாகத் தெரியாது.

சாதாரணக் கண்ணாடியின் இழுவலிமையாக இந்தக் கணக்கில் 19.2 என்று எடுத்துக்கொள்வது வழக்கம். அதை 3.8-ஆல் வகுத்து, சுமார் 5-க்கு மேல் இழுப்பு போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த 3.8 தான் பாதுகாப்பு மடங்கு, அதாவது வலிமை இழுப்பைப் போல எத்தனை மடங்கு என்பது.

என் தொட்டிக்குப் போட்டேன். 600 மி.மீ.யின் மும்மடி 21.6 கோடி. நீளம் இரண்டு மடங்கு, அதனால் 0.32. பெருக்கி வகுத்தால் 691. வெர்னியரில் அளந்தபோது பழைய கண்ணாடி 7.8 மி.மீ. தான் இருந்தது. 8 மி.மீ. கண்ணாடிக்கு 0.3 கூடவோ குறையவோ இருக்கலாம் என்பது ஐரோப்பியத் தரநிலையிலும் உள்ளதுதான், அதில் ஏமாற்று எதுவும் இல்லை. 7.8-இன் வர்க்கத்தால் வகுத்தால் இழுப்பு 11.4. பாதுகாப்பு மடங்கு 1.7. இருக்க வேண்டியதில் பாதி கூட இல்லை. அதே சூத்திரம் இந்தத் தொட்டிக்குக் கேட்கும் தடிமன் 11.7, அதாவது கடையில் கிடைக்கும் 12 மி.மீ.

மேலே திறந்த தொட்டியில் பலகையின் மேல் விளிம்பின் நடுப்பகுதி எதையும் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. மற்ற மூன்று பக்கமும் சிலிகான் பிடிக்கிறது, மேலே மட்டும் சுதந்திரம். அதனால் அதிகம் புடைப்பது அங்கேதான், வெளிமுகம் கடுமையாக இழுபடும் இடங்களில் ஒன்றும் அதுதான். ‘தண்ணீர் படாத இடம், ஆபத்தில்லை’ என்று நான் சில்லைக் கொண்டுபோய் வைத்த இடமும் அதே. முழுத் தொட்டியிலும் அந்தப் பழுதுக்கு இதைவிட மோசமான இடம் கிடைத்திருக்காது. கீழே வைத்திருந்தால் சரியாகியிருக்கும் என்று சொல்லவில்லை. அந்தப் பலகையைத் தொட்டிக்கே எடுத்திருக்கக் கூடாது.

எந்த வகைக் கண்ணாடி

இரண்டாவது தொட்டிக்கு என் முன் இருந்த முதல் யோசனை, அதே 60 செ.மீ. உயரத்தை வைத்துக்கொண்டு, டஃபன்ட் கண்ணாடிக்குப் போய்விடுவது. 600 டிகிரிக்கு மேல் சூடாக்கிக் குளிர்காற்றால் சட்டென்று ஆற்றிய கண்ணாடி அது. மேற்பரப்பு நிரந்தரமாக அமுங்கிய நிலையில் இருப்பதால் சாதாரணக் கண்ணாடியைப் போல நான்கைந்து மடங்கு வலிமை. எட்டு மில்லியிலேயே இழுப்பைத் தாங்கிவிடும்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வலிமை கூடினாலும் விறைப்பு கூடுவதில்லை. ஒரே சுமைக்கு 8 மி.மீ. டஃபன்ட் எவ்வளவு வளையுமோ 8 மி.மீ. சாதாரணக் கண்ணாடியும் அவ்வளவே வளையும். கண்ணாடி தாங்கும், அந்த வளைவை ஆண்டுக்கணக்கில் மூலைச் சிலிகான் அல்லவா சுமக்க வேண்டும்? வளைவைக் குறைக்க ஒரே வழி தடிமன். அது தடிமனின் மும்மடிக்கு ஏற்பக் குறையும். 8-லிருந்து 12-க்குப் போனால் வளைவு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும்.

அதைவிட எனக்குப் பயம் தந்தது அது உடையும் விதம். டஃபன்ட் கண்ணாடி விரிசல் விடாது, ஒரே நொடியில் முழுப் பலகையும் சர்க்கரைக் கட்டி போலச் சிதறும். என் தொட்டி சாதாரணக் கண்ணாடியாக இருந்ததால்தான் தண்ணீர் விரிசல் வழியாக மெல்ல வழிந்தது, மீன்களுக்கு அடியில் கொஞ்சம் மிச்சம் வைத்தது. அதுவே டஃபன்டாக இருந்திருந்தால் முந்நூறு லிட்டரும் ஒரே நேரத்தில் தரைக்கு வந்திருக்கும், ஆறு மீன்களும் அதோடு வந்திருக்கும். தவிர, டஃபன்ட் ஆக்கிய பிறகு வெட்டவோ துளை போடவோ முடியாது. பின்னாளில் ஒரு குழாய்த் துளை வேண்டுமென்றால் வழியே இல்லை. பழைய கண்ணாடி வாங்கித் துளை போட நினைப்பவர்கள் முதலில் அது டஃபன்டா என்று பார்த்துவிடுங்கள். மூலையில் முத்திரை இருக்கலாம். இல்லாவிட்டால், வெள்ளைத் திரையை ஒளிரவிட்ட கைப்பேசிக்கு முன்னால் கண்ணாடியைப் பிடித்து, போலராய்டு குளிர்கண்ணாடி வழியாகப் பாருங்கள். கருமையும் வெளிச்சமுமாகத் திட்டுகளோ பட்டைகளோ தெரிந்தால் அது டஃபன்ட்.

லேமினேட்டட் கண்ணாடியை நான் நீண்ட நேரம் யோசிக்கவில்லை. இரண்டு தகடுகளுக்கு நடுவே இருக்கும் பிளாஸ்டிக் படலம் நிரந்தரச் சுமையில் மெல்ல நெகிழும், அதனால் 6+6 ஒட்டிய கண்ணாடி ஒற்றை 12 போல விறைப்பாக நிற்காது. விளிம்பில் ஈரம் புகுந்தால் ஓரம் வெளுக்கவும் செய்யும். கம்பிவலை பதித்த கண்ணாடி, பூவேலைக் கண்ணாடி இரண்டும் தொட்டிக்கு ஆகாது.

இரும்புச்சத்து குறைந்த கண்ணாடி பற்றி அடிக்கடி கேள்வி வருகிறது. சாதாரண ஃப்ளோட் கண்ணாடியின் விளிம்பைப் பார்த்தால் பச்சையாக இருக்கும், தடிமன் கூடக்கூட அந்தப் பச்சை முகத்திலும் லேசாகத் தெரியும். இரும்பு குறைந்ததில் அது இருக்காது, மீனின் நிறம் உள்ளபடி தெரியும். வலிமை இரண்டுக்கும் ஒன்றுதான். முன் பலகைக்கு மட்டும் அதைப் போட்டுக்கொள்வது நியாயமான ஆசை. நான் போடவில்லை, 10 மில்லியில் அந்தப் பச்சை எனக்கு உறுத்தவில்லை.

கடைசியில் நான் எடுத்தது புதிய, சாதாரண, ஒற்றைத் தகடு ஃப்ளோட் கண்ணாடிதான்.

உயரத்தில் பத்துச் சென்டிமீட்டர்

மிச்சமிருந்த வழிகள் இரண்டு. 60 செ.மீ. உயரத்தோடு 12 மி.மீ., அல்லது உயரத்தையே குறைப்பது. நான் அளவை மாற்றினேன். நீளம் அதே 120. உயரம் 60-லிருந்து 50. அகலம் 45-லிருந்து 55. லிட்டர் 324-லிருந்து 330 ஆகக் கொஞ்சம் கூடத்தான் செய்தது. ஆனால் முன் பலகையின் கணக்கு தலைகீழாக மாறியது. 500-இன் மும்மடி 12.5 கோடி, நீளம் 2.4 மடங்கு என்பதால் வடிவ எண் 0.344, வருவது 430. 10 மி.மீ. கண்ணாடியில் இழுப்பு 4.3. பாதுகாப்பு மடங்கு 4.5-ஐ ஒட்டி.

அதே அளவு தண்ணீர், 12 மில்லியைவிடக் குறைந்த தடிமன், உடைந்த தொட்டியைப் போல இரண்டரை மடங்குக்கும் மேலான பாதுகாப்பு. கண்ணாடியின் எடையும் குறைந்தது. ஒரு சதுர மீட்டர் கண்ணாடி, தடிமனின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் இரண்டரை கிலோ இருக்கும். 60 செ.மீ. உயரத் தொட்டியை 12 மில்லியில் கட்டியிருந்தால் காலித் தொட்டியே சுமார் 75 கிலோ வரும், இது 60 கிலோ. மீன்களுக்கும் இது நல்லது, அகலமான தொட்டியில் காற்றைத் தொடும் நீர்ப்பரப்பு அதிகம், திரும்பி நீந்த இடமும் அதிகம்.

நேர்மாறான கேள்வி ஒன்று ஒரு நண்பரிடமிருந்து வந்தது. நீளம் 60, அகலம் 40, உயரம் 75 செ.மீ. வைத்து ஒரு ‘சின்ன’ நெட்டைத் தொட்டி, 180 லிட்டர்தானே, 6 மி.மீ. போதாதா என்றார். போட்டுப் பார்த்தோம். 6 மில்லியில் பாதுகாப்பு மடங்கு 1.2 வந்தது. சூத்திரம் கேட்டது 10.5, வாங்க வேண்டியது 12 மி.மீ. என் 330 லிட்டர் தொட்டியைவிடத் தடித்த கண்ணாடி.

விளிம்பு

கண்ணாடி வெட்டுபவரிடம் உடைந்த துண்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். சில்லைப் பெருவிரலால் தடவியவர் கேட்டார்: “தம்பி, இதைத் தெரிஞ்சேதான் மேலே வெச்சீங்களா?”

“தண்ணி படாதேன்னு நினைச்சேன் அண்ணே.”

“கண்ணாடிக்கு வயிறு பலம், ஓரம்தான் உயிர்நிலை. ஓரத்தைப் பார்த்து எடுங்க.”

அவர் வெட்டும்போது அருகில் நின்று பார்த்தேன். சக்கரத்தை மண்ணெண்ணெயில் தொட்டு, ஒரே அழுத்தத்தில், ஒரே இழுப்பில் கோடு போட்டார். போட்ட கோட்டின் மேல் இரண்டாம் முறை போகவே இல்லை. போனால் ஓரம் பொடியும், பொடிந்த ஒவ்வொரு இடமும் ஒரு சின்ன விரிசலின் தொடக்கம். உடைத்த பிறகு விளிம்பைக் குறுக்காகப் பார்த்தால் சக்கரம் ஓடிய பக்கம் மட்டும் மெல்லிய சொரசொரப்பு, எதிர்ப்பக்கம் கத்தியால் அறுத்த வெண்ணெய் போலச் சுத்தம். சக்கரம் ஓடிய முகத்தைத் தொட்டிக்கு உட்புறமாக வைக்க முடிவு செய்தேன். மேல் விளிம்பில் இழுபடுவது வெளிமுகம், அங்கே சுத்தமான பக்கம் வரட்டும். அதன் பிறகு எல்லா விளிம்புகளையும் தண்ணீர் விட்டு, முதலில் கரடான சாணைப் பட்டையிலும் பின் மெல்லிய சாணைப் பட்டையிலும் தேய்த்துக் கூர்மையை மழுக்கித் தந்தார்.

எடுக்கும் முன் ஒவ்வொரு பலகையையும் நகத்தால் விளிம்பு நெடுக வருடிப் பார்த்தேன். நகம் சிக்கிய இடம் ஒன்று இருந்தது, பக்கப் பலகை ஒன்றின் மூலை. அதை மறுபடி வெட்டித் தந்தார். முகத்தில் நகம் சிக்கும் கீறல் இருந்தாலும் அந்தப் பலகை வேண்டாம். மூலைவிட்டம் இரண்டையும் அளந்து சமமா என்று பார்ப்பதையும், பக்கப் பலகைகளை முன், பின் பலகைகளின் தடிமன் கழித்து வெட்டச் சொல்வதையும் மறக்கக் கூடாது. 55 செ.மீ. அகலத்துக்கு எனக்குத் தேவைப்பட்ட பக்கப் பலகை 53 செ.மீ.

கட்டியதும் அதற்குப் பிறகும்

ஒட்டும் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பூஞ்சைக் கொல்லி கலக்காத, காயும்போது வினிகர் வாடை வீசும் சுத்த சிலிகான். ஒட்டும் முகங்களை ஆல்கஹாலால் துடைத்த பிறகு விரல் படவில்லை. வாடை முழுக்கப் போகும் வரை, ஒரு வாரத்துக்கும் மேல், தண்ணீர் காட்டவில்லை. அடிப்பலகை முழுப் பரப்பிலும் தெர்மகோல் மேல் சமமாக உட்காருகிறது, அதனால் அதற்கும் 10 மில்லியே போதுமானது. கால்கள் மேல் மட்டும் நிற்கும் தொட்டியாக இருந்தால் அடிக்கு இன்னும் தடித்த கண்ணாடி வேண்டும். தண்ணீர், கண்ணாடி, மணல் எல்லாம் சேர்த்து 400 கிலோவை நெருங்கும், ஸ்டாண்டை அதற்கேற்பச் செய்தேன்.

மேலே, முன், பின் பலகைகளின் உட்புறமாக நீளவாக்கில் கண்ணாடிப் பட்டை ஒட்டி, நடுவில் ஒரு குறுக்குப் பட்டையும் வைத்தேன். கணக்குப்படி இது இல்லாமலே தாங்கும். பட்டையை நம்பி மெல்லிய கண்ணாடி எடுப்பதை நான் ஏற்கமாட்டேன், ஒரு பட்டை கழன்றால் மொத்தச் சுமையும் பலகை மேல் வந்துவிடும். தடிமனைக் கணக்குப்படி எடுத்துவிட்டு, பட்டையைக் கூடுதலாக வைப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

இந்த முறை புடைப்பை அளந்தேன். முன் பலகையின் இரு ஓரத்திலும் ஒரே தடிமனுள்ள இரண்டு கட்டைகளை வைத்து, அவற்றின் மேல் ஒரு தூண்டில் நரம்பை இழுத்துக் கட்டி, நடுவில் நரம்புக்கும் கண்ணாடிக்கும் உள்ள இடைவெளியை எடுத்தேன். காலியாக இருந்தபோதும் நிரம்பியபோதும் எடுத்த அளவுகளின் வித்தியாசம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. அறை வெப்பத்தில் கண்ணாடி தானாக நெகிழ்ந்து வளைவதில்லை. அந்த எண் நாளடைவில் கூடினால் பட்டையிலோ சிலிகானிலோ ஸ்டாண்டிலோதான் ஏதோ நகர்கிறது என்று பொருள். அதனால் மாதம் ஒருமுறை நரம்பைக் கட்டி அளந்து, தொட்டிக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் காகிதத்தில் தேதியோடு எழுதி வருகிறேன். பதினான்கு அளவுகள் ஆகிவிட்டன, எண் நகரவில்லை. நிரம்பிய தொட்டியில் டியூப்லைட்டின் பிம்பம் இப்போது நேராகத்தான் விழுகிறது. ஆறு கோல்டு ஃபிஷ்களும் அதன் கீழே நீந்திக்கொண்டிருக்கின்றன.